சுண்ணாம்பு கலக்காத தண்ணீர்

1988 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருநின்றவூரில் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். பிளஸ் டூ மாணவர்கள் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். என் மகள் ஞானகுமாரியும் அவர்களில் ஒருத்தி.

செய்முறைத் தேர்வின் வினாத்தாள் உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருப்பதைத் தலைமையாசிரியர் இக்னேஷியஸ் திங்கட்கிழமை கண்டுபிடித்திருந்தார். வெளியே தெரிந்தால் தேர்வு மையமே பறிபோகும் என்று பயந்தார். பீரோச் சாவி மூன்று பேரிடம் புழங்கியது: நான், ஆய்வக உதவியாளர் ஜேசுராஜ், பெருக்கித் துடைக்கும் நாகவல்லி. நாகவல்லியின் கணவர் செங்கல் சூளையில் முதுகொடிந்து படுத்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"உறைல ஒரு மருந்து தடவி வச்சிருந்தேன் சார். தொட்டவங்க கை இந்தத் தண்ணில செவக்கும்" என்றேன். அவர் வரலாற்று ஆசிரியர், நம்பினார். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான்.

முதலில் நான் கையை விட்டேன். பிறகு ஜேசுராஜ். ஒன்றுமில்லை. நாகவல்லி விட்டாள். மணிக்கட்டு வரை சிவந்தது.

"யக்கா, இன்னா, மருதாணி வெச்சிகினு வந்தியா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள்.

"வெள்ளிக்கெயம சார், மஞ்ச பூசிக் குளிச்சிகினு வந்தேன். ஆலம் கரைக்க சொல்லோ சுண்ணாம்பு போட்டா மஞ்ச செவக்கல? அந்த மாரிதான் சார் இது."

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "சுண்ணாம்பு கலந்திருக்கீங்களா ஜெயபால்?"

"துளிகூட இல்ல சார்."

அது உண்மை. நான் கரைத்திருந்தது சலவைச்சோடா. மஞ்சளை அதுவும் சிவக்க வைக்கும். சோதனையைப் புதன்கிழமையே வைக்கச் சொன்னார் அவர்; வெள்ளி வரை பொறுக்கலாம் என்றவன் நான்.

உறையைப் பிரித்தவனும் நான்தான். அரை மதிப்பெண்ணில் மகளுக்கு மருத்துவச் சீட்டு தவறிவிடக் கூடாது. எந்தத் தகப்பனும் செய்யக்கூடியதுதான்.

மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்பது அந்த நாற்பது பேரும் படித்த பாடம். ஆனால் செய்முறை மதிப்பெண் என் கையில் இருந்தது. ஞானகுமாரிக்கு வீட்டிலேயே மஞ்சள் தடவிய தாளில் சோடாத் தண்ணீர் விட்டுக் காட்டியிருக்கிறேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் நின்றாள். பிள்ளையை ஒழுக்கமாக வளர்த்திருக்கிறேன் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

நாகவல்லியை அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஞானகுமாரி செய்முறையில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினாள்.