வெயிலில் வைத்த பட்டரி

பட்டரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும், ஐயா. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்படித்தான் ரேடியோ கேட்டோம். ஒரு மணித்தியாலம் நன்றாகப் பாடும், பிறகு படுத்துவிடும்.

இப்போது கிளிநொச்சியில் எனக்கு ஒரு கடை. படைமுகாமுக்கு மூன்று வருடமாக நான்தான் பட்டரி கொடுக்கிறேன். ஆகக் குறைந்த விலை போட்டவனுக்கே டென்டர் என்பது அவர்களுடைய விதி, என்னுடையதல்ல. காலாவதியானவற்றை வாங்கி, கூரைத் தகரத்தில் இரண்டு நாள் காயவைத்து, புதுத் திகதி ஒட்டுவேன். களஞ்சிய அதிகாரி ஒன்றை டோர்ச் லைட்டில் போட்டுப் பார்ப்பார். எரியும். கையெழுத்து வைப்பார்.

காசுக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். என் பிள்ளைகள் இரண்டும் இவர்கள் அடித்த ஷெல்லில் போனவை. இன்னொரு சண்டை வந்தால் இவர்களுடைய வோக்கி டோக்கிகள் முதல் நாளே ஊமையாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

அந்த முகாம் தன் களஞ்சியத்திலிருந்து கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கும் பட்டரி கொடுப்பது எனக்குத் தெரியாது. தமையனுடைய மகள் யதுர்ஷிகா சொல்லித்தான் தெரிந்தது. நாயாற்றுப் பக்கக் காட்டில் அவளுக்கு அந்த வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டரிப் பெட்டியோடு வந்தாள்.

"சித்தப்பா, இது முகாமில தந்தது. காலமை சோதிக்கேக்க நல்லாத்தான் இருக்கு. பத்து மணிக்குப் பிறகு டிடெக்டர் சத்தம் போடுதில்லை. என்ன செய்யிறது?"

திகதி என் கையால் ஒட்டியது, சற்றுச் சரிந்திருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முறையிடுவாள். முகாம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மூன்று வருடப் பாடு வீண்.

"வெயில்ல வைச்சு எடு பிள்ளை. உயிர் வரும்."

"ஓம் சித்தப்பா."

சொல்வழி கேட்கிற பிள்ளை. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு, டிடெக்டர் சத்தம் போடாத இடத்தில் முழங்காலை ஊன்றினாள்.

நான் தூக்கி வளர்த்தவள். இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. செத்தவீட்டுக்கு வந்த களஞ்சிய அதிகாரி என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவு, முடிந்த மறுநாள் முகாமுக்கு அடுத்த நாற்பது பெட்டிகளை அனுப்பினேன். அதே காட்டில் இன்னும் பதினொரு பெண்கள் வேலை செய்வது தெரிந்துதான் அனுப்பினேன். அதையும் எழுதுங்கள். அந்த முகாம் இன்றைக்கும் சண்டைக்குத் தயாராக இல்லை, ஐயா. எங்கள் சனத்துக்காக அவ்வளவாவது என்னால் செய்ய முடிந்தது.