லைட் போடாத நட்சத்திரம்

பொதுமக்கள் எழுதிக் கேட்டால் அலுவலகம் தாமதமின்றிப் பதிலளிக்க வேண்டும். முடியாவிட்டால் காரணத்தையாவது அறிவிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் வாழைச்சேனை பஸ்ஸில் போனதில்லை.

டிசம்பர் தொடக்கம், கிறிஸ்மஸ் சோடனை தொடங்கும் நேரம். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் கடதாசி நட்சத்திரம்.

“நட்சத்திரத்தைக் கட்டுங்க மச்சாள், லைட்டை மட்டும் போடாதீங்க,” என்றாள் மற்றவள்.

“செத்த வீட்டிலதானே கா நத்தாருக்குச் சோடிக்கிறதில்ல? உங்கட அண்ணன் செத்திட்டாரெண்டு ஆரு சொன்ன?”

“கடலுக்குப் போனவர் இன்னும் வரல்ல. கரையொதுங்கின உடம்பு ஆஸ்பத்திரியில கிடக்கு.”

“அது அவர்தானெண்டு கொழும்பில டிஎன்ஏ சோதிச்சுப் பதில் வரட்டும். எத்தினை தரம் எழுதிக் கேட்டாச்சு.”

“சனம் கதைக்கும் மச்சாள்.”

“கதைக்கட்டும். சோடிக்காம விட்டா நானே அவரைச் சாகடிச்ச மாதிரி. மரமும் வைப்பன். பாலன் பிறக்கிற ராவு லைட்டும் போடுவன்.”

ஜனவரியில் அதே பஸ்ஸில் நட்சத்திரம் வைத்திருந்தவளைக் கறுப்புச் சீலையில் கண்டேன். பக்கத்தில் அயல்வீட்டுக்காரி.

“நட்சத்திரம் கட்டியிருந்தீங்க, லைட்டைக் காணல்லையே கா?”

“லைட்டைப் போடப் போகக்குள்ள பதில் வந்திட்டு. அவர்தானாம்.”

“எண்டைக்கு?”

“இருபத்துநாலாந் தேதி, பின்னேரம்.”