முதலில் வண்டி

காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது வண்டியின் கேமராக் கண்ணாடியைத் துடைப்பது. படம் மங்கலாக இருந்தால் எனக்குத் தலை வலிக்கும், சார்.

ஆள் இறங்கக் கூடாத கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கி, உறைந்த எண்ணெய்ச் சேற்றையும் துருவையும் தண்ணீரைப் பீய்ச்சி உரிக்கிற ரோபோ அது. நாங்கள் வண்டி என்போம். மேல்தளத்தில் திரையைப் பார்த்தபடி நான் ஓட்டுவேன். அப்பாவும் சித்தப்பாவும் வாளியும் சுரண்டியுமாக இறங்கிய தொட்டிகள்தான். நுரையீரலைக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டம். சூப்பர்வைசருக்கு என் பெயரே ‘டிகிரி’.

"என்ன டிகிரி, உன் வண்டி குறட்டை விடுதா? காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

வண்டி சேற்றில் சிக்கும். சிக்கினால் அதைத் தூக்க ஆள்தான் இறங்க வேண்டும். ஆள் இறங்காமல் இருக்க வாங்கிய வண்டிக்காக ஆளை இறக்குவது அங்கே யாருக்கும் சிரிப்பாகத் தோன்றவில்லை. போன மாதம் அப்பா இறங்கினார். உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று அளக்க சூப்பர்வைசர் விடவில்லை. வண்டியில் கொக்கியை மாட்டிய அப்பா அப்படியே சரிந்தார். கேமராவுக்கு நேரே அவர் முகம். வாய் திறந்து திறந்து மூடியது. இறங்கப் போன சித்தப்பாவை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"வண்டிய ஏத்து மொதல்ல. வழிய அடைச்சிக்கிட்டு நிக்குது பாரு" என்றார் சூப்பர்வைசர்.

வண்டி மேலே வர வர, திரையில் அப்பா சின்னதாகிக்கொண்டே போனார்.

அதன் பிறகு இறங்க ஒருத்தரும் தயாரில்லை. இனி வண்டி சிக்கினால் சூப்பர்வைசரே இறங்கியாக வேண்டும். நேற்று அதை நானே ஒரு மூலையில் சேற்றுக்குள் சாய்த்தேன்.

"காத்து எப்படி இருக்கு டிகிரி?"

"நல்லா இருக்கு சார். அளந்துட்டேன்."

பொய் இல்லை. காற்று கெட்டிருந்து மூச்சு முட்டினால் அவருக்குச் சீக்கிரம் முடிந்துவிடும்.

அவர் வண்டிக்கு முன்னால் குனிந்ததும் தண்ணீரைத் திறந்தேன். முதலில் முழங்கால், ஏணிக்குப் போகக் கூடாதல்லவா. இரும்பிலிருந்து துருவைப் பெயர்க்கிற வேகம், சார். பேன்ட்டோடு தோலும் போயிற்று. எலும்பு நான் நினைத்ததைவிட வெள்ளை. பிறகு கைகள்.

மேலே கயிறு பிடித்திருந்த சித்தப்பா, அலறல் கேட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார். விழுந்தவனைக் கண்டால் யோசிக்காமல் இறங்குவது எங்கள் ஆட்களின் புத்தி. நான் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தொட்டி வாயில் குனிந்தேன்.

"அந்தாள விட்டுட்டு மேல வாங்க சித்தப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. சூப்பர்வைசர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"வேணாம் கண்ணு. இவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே. போதும்மா."

இன்னொரு முறையும் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை நான். திரும்பி வந்து உட்கார்ந்து, திறந்தேன். சித்தப்பாவின் முதுகு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதனால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சித்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். எனக்குச் சித்தப்பாமேல் கோபமே கிடையாது. அவர் ரொம்பக் கஷ்டப்படவும் இல்லை. கடைசிவரை என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.