கார் இல்லாத கார் கடை

இரண்டாம் உலக யுத்த காலம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு மிராசுதாரும், திருச்சியில் கார் விற்கும் கம்பெனியின் ஏஜெண்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கார் கடையில கார் இல்லேன்னா வேற என்னத்தங்க விக்கிறீங்க?” என்றார் மிராசுதார்.

“ஒண்ணும் விக்கலைங்க. வர்ற வண்டியெல்லாம் பட்டாளத்துக்குப் போயிடுது. தெனமும் கடையத் தொறந்து, இல்லேன்னு சொல்றதுதான் வேலை.”

“பழசா ஒண்ணு கெடைச்சாலும் போதுங்க.”

“பெட்ரோலே கூப்பனுக்கு அளந்துதான் தர்றாங்க. சண்டை முடியட்டும், பொறுங்க.”



“போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. மூத்த மவளுக்கு வலி கண்டுடுச்சுன்னு மாட்டு வண்டியில திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம். பாதி வழியில, பாடாலூர்கிட்டயே அவ உசுரு போயிடுச்சு.”

ஏஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப சின்னவ மாசமா இருக்கா. சொல்லுங்க, தை மாசத்துக்குள்ள சண்டை முடிஞ்சிடுமா?”