லோராண்ட் தூக்கின கை

ஏழு இல்ல மேஸ்திரி, ஆறு. லோராண்ட் ஆறு தடவதான் சாம்பியன். கிளப்புல ஏழுன்னு எழுதிக் குடுத்தாங்களா? அவங்களுக்கென்ன தெரியும், கூடவே வாள் சண்டை போட்டவன் நான் சொல்றேன். கல்லறைக் கல்லுன்னா கணக்கு சரியா இருக்க வேணாமா? போடுங்க, ஆறு.

நான் யாரா? வில்மோஷ். சரியாப் போச்சு! ஒலிம்பிக் பதக்கம் எங்கிட்டதான்யா இருக்கு, அவங்கிட்ட இல்ல. ஆனா புடாபெஸ்ட்டுல கல்லு கொத்துறவரு வரைக்கும் அவனைத்தான் தெரியுது.

எப்பிடி வருவான் தெரியுமா? இப்பிடி. முகமூடிய அக்குள்ல இடுக்கிக்கிட்டு, முடிய ஒரு கோது கோதிட்டு... சிரிக்கிறீங்க பாருங்க, நீங்களுமா! எங்க மாஸ்டர் எங்கிட்ட, ஏன்டா, விறகா பொளக்குற? அவங்கிட்ட, லோராண்ட் கண்ணு, இன்னொரு தடவ காட்டுப்பா. எம்பொண்டாட்டி என் ஆட்டத்தப் பாக்க வருவா. வந்து அவனைப் பாப்பா.

அம்பத்திரெண்டாம் வருசம். ஒலிம்பிக் குழுவுல ஒரே ஒரு இடம் பாக்கி. நானும் அவனும் மோதுறோம். நாலுக்கு நாலு. அடுத்த அடி யாருதோ, அவன் போறான். அவனுக்கு இருபத்திமூணு, எனக்கு முப்பத்தொம்பது. உடுப்பு மாத்துறப்ப, இதான்டா எனக்குக் கடைசின்னு அவங்கிட்டயே சொல்லித் தொலச்சிருந்தேன்.

பாஞ்சேன், வீசுனேன். நடுவருங்க நாலு பேரும் திருதிருன்னு முழிக்கிறாங்க, ஒருத்தரும் சரியாப் பாக்கல. அப்பல்லாம் எங்க வழக்கம், அடி வாங்குனவனே கையத் தூக்கி, பட்டுச்சுன்னு சொல்லணும். தூக்கினான். அரங்கமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. யாருக்கு? தோத்தவனுக்கு! ஜெயிச்ச நான் நட்டு வச்ச கம்பமாட்டம் நிக்கிறேன்.

ஊத்துங்க இன்னும் கொஞ்சம். உங்க பாலிங்கா சாராயம் நல்லாத்தான் இருக்கு.

கடைசி வரியா? அதான் எழுதியே குடுத்துட்டாங்களே, பொய்யே சொல்லாத வாள்வீரன்னு. அதுலதான் சின்னதா ஒரு சிக்கல்.

என் வாள் அவன் மேல படல, மேஸ்திரி. ரெண்டு விரக்கடை தள்ளிப் போச்சு. அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். படலடான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பன்னெண்டு வருசமாச்சு. நேத்து அவனைப் பெட்டியில வச்சுப் பாத்தப்பகூட சொல்லல.

இல்ல இல்ல, வரி இருக்கட்டும். ஆழமாவே கொத்துங்க.

அப்புறம் அந்த ஆறு... சாக்பீஸ்லதான எழுதிருக்கீங்க? அழிச்சிட்டு ஏழுன்னே போட்டுடுங்க. நான்தான் சும்மா சொன்னேன்.