மூக்குக் குழாயும் ஒரு சின்னத் துளையும்

பெரிய டாக்டருக்கு அழகான விரல்கள். நான் சொல்லவில்லை, அவரே தினமும் சொல்வார்.

குடல் அடைத்து வயிறு உப்பி வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சையில் உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். இரண்டு வழி உண்டு. குடலை வெட்டாமல் விரலால் நீவி நீவி, தேக்கத்தை இரைப்பைக்கு ஏற்றி, மூக்குக் குழாய் வழியே உறிஞ்சுவது அவர் வழி. குடலில் சின்னத் துளையிட்டு, நேரே உறிஞ்சி, தைத்துவிடுவது என் வழி. உலகத்தில் குடலைத் தொட்ட முதல் மனிதர் தாம்தான் என்பதுபோல் அவர் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். யாராவது அடக்க வேண்டாமா?

ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வு தொடங்கினோம். யாருக்கு எந்த முறை என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறைகள் என் பொறுப்பு. எக்ஸ்ரே பார்க்கும் விளக்கில் வைத்தால் உள்ளே எழுதியது பளிச்சென்று தெரியும். அத்தனை மேதைகள் இருந்த துறையில் தடித்த காகிதம் வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் உறைகளின் வரிசையை மாற்றி, தேறாத உடம்புகளை அவர் முறைக்கு அனுப்பினேன். திடமானவர்களை என் முறைக்கு.

அப்படியும் அவர் முறைக்குப் போனவர்கள் பிழைத்துக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு தையற்காரர் வந்தார். இதயம் பலவீனம். அவர் மகள் என்னை வழிமறித்தாள்.

"எப்படியாச்சும் காப்பாத்திருங்க சார். வாய் ஓயாம வம்பு பேசுவாரு. இன்னிக்கு என்னைத் திட்டக்கூட இல்ல."

"பெரிய டாக்டர் முறையிலயே பண்றோம்மா," என்றேன். முகம் மலர்ந்தாள்.

அறுவை மேசையில் ஒழுங்காகத்தான் நீவினேன். நர்ஸ் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே வரலியே சார். அடைச்சிருக்கு போல, மாத்திரலாமா?"

"பெரியவர் முறையையே திருத்துறீங்களா சிஸ்டர்? விடுங்க, வரும்."

"வந்தா சரிதான்," என்று முணுமுணுத்தார்.

வராது. குழாய்க்குள் பஞ்சு வைத்தவன் நான். மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது, இரைப்பை காலி என்றேன். மயக்கம் தெளிகையில் தையற்காரர் வாந்தியெடுத்தார். அது நுரையீரலுக்குள் இறங்கியது. மாலைக்குள் முடிந்துவிட்டது.

ஒரு சாவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆய்வு என்றால் அப்படித்தான். இன்னும் நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

ஐந்து பேரையும் நான்தான் கொன்றேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: என் முறையில் ஒருவர்கூடச் சாகவில்லை.