செருப்பைக் கையில் எடுத்தவள்

அழைப்பு மணி மூன்று முறை விடாமல் அடித்தது. என் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு முறைதான் அடிப்பார்கள். மாணவர்கள் அதுகூட இல்லை, கதவை நகத்தால் சுரண்டிவிட்டு நிற்பார்கள். நான் அப்போது சிவப்புப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். முனை ஒடிந்துவிட்டது. அன்று எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். "சுருக்கமா எழுதுங்க சார்" என்றும் சொன்னீர்கள். பத்து மதிப்பெண் வினாவுக்கு எவ்வளவு எழுத வேண்டுமோ அவ்வளவு எழுதுகிறேன்.

என்னைக் 'கைடு சார்' என்பார்கள். இலக்கியப் பாடத்துக்குத் தேர்வுக் கைடு எழுதுகிறவன். கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, மையக் கருத்து, மாதிரி வினா விடை. மூல நூலைக் கையால் தொடாமலே தேறிவிடலாம் என்பது என் கைடின் பெருமை. நீங்களும் அதைப் படித்துத்தான் தேறினீர்கள் என்று முதல் நாளே சொன்னீர்கள். எனக்கு நாற்காலி போடச் சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன். நன்றி.

பாடத்தில் ஒரு நாவல் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவனின் மனைவி பற்றியது. கணவன் கைநீட்டுகிறவன். அவள் ஒரு நாள் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். பன்னிரண்டு வருடம் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. பிறகு ஒரு விடியற்காலையில், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறாள். நாவல் அந்த வரியோடு முடிகிறது.

என் கைடின் அறுபத்து நான்காம் பக்கத்தில் அதற்கு விளக்கம் இருக்கிறது. 'செருப்பைக் கழற்றியபோது இந்த உலகத்தோடு தனக்கிருந்த கடைசித் தொடர்பையும் அவள் கழற்றிவிட்டாள். அவள் மரணமே அவள் பேசிய முதல் சொல்.' உங்களுக்கும் நினைவிருக்கலாம். விடைத்தாள் திருத்துகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தையும் தேடித்தான் மதிப்பெண் போடுவார்கள். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் கை இதை எழுதியிருக்கும் என்று சும்மா இருக்கும்போது நினைத்துப் பார்ப்பேன்.

அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் படியெடுத்துக் கொடுத்தவள் என் தங்கை. எனக்குச் சொந்தம் என்று இருந்தது அவள் ஒருத்திதான். கல்யாணமாகி நான்காம் வருடம் ஒரு பையோடு வந்து நின்றாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் வேலை கொடுத்தேன். மூன்று மாதம் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து எழுதினாள். நாவலையும் கூடவே படித்தாள். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மணி அடித்த இடத்துக்கு வருகிறேன். மழை பெய்துகொண்டிருந்த பிற்பகல். கதவைத் திறந்தால், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குடையை உதறியபடி ஓர் அம்மாள் நின்றார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தடித்த கண்ணாடி.

"கைடு சார் நீங்கதானா? உங்க படியேறுறதுக்குள்ள எனக்கு உசிர் போயிடுச்சு. இதுல ஏறி வர்ற பிள்ளைங்களுக்கு மார்க்கு தனியா குடுக்கணும்."

என் வீடு ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளிப்பக்கமாக இரும்புப் படி. பத்தொன்பது படிகள். நீங்கள் எண்ணிப் பார்த்தீர்கள்.

அந்த நாவலை எழுதியவர் அவர்தான். நான் நேரில் பார்த்ததில்லை. அதன் பிறகு அவர் வேறு எதுவும் எழுதவும் இல்லை. உட்காரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு விடைத்தாளின் நகலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என் அக்கா மகன் எழுதினது. பத்துக்கு எத்தனைன்னு பாருங்க."

பூஜ்யம். கதாநாயகி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டாள் என்று பையன் எழுதியிருந்தான்.

"பரீட்சைக்கு முந்தின நாள் போன்ல கேட்டான். சித்தி, கடைசியில அவ என்ன ஆனான்னு. செத்தா போனா? ஆத்தைத் தாண்டிட்டாடான்னு நான்தான் சொன்னேன். என் நாவலுக்கு நானே ஃபெயில் சார்." சிரித்தார். நல்ல சிரிப்பு. "தேர்வு ஆபீசுக்கு எழுதிக் கேட்டா, கைடுல இருக்கிறபடிதான் திருத்துவோம்னு பதில் போட்டிருக்காங்க. சரி, கைடையே பார்த்துடுவோம்னு வந்துட்டேன்."

ஒரு நூலை எழுதி வெளியே விட்ட பிறகு அதன் பொருளில் எழுதியவருக்கு உரிமை இல்லை என்று நான் மரியாதையாகவே விளக்கினேன்.

"பெத்தவ நான், உசிரோடதான் இருக்கான்னு சொல்றேன். நீங்க இரங்கல் நோட்டீஸ் அடிச்சு வித்துட்டிருக்கீங்க. சாகப் போறவ எதுக்கு சார் செருப்பைக் கையில தூக்கிட்டுப் போறா? கரையில விட்டுட்டுப் போக மாட்டாளா? அக்கரையில நடக்க வேண்டாமா அவளுக்கு? அது குறியீடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நனையாம இருக்கத்தான்."

டீ ஆறுகிறது என்று மட்டும் நினைவூட்டினேன்.

புதுப் பதிப்பு வரப்போகிறது என்றார். கடைசியில் இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறாராம். அவள் அக்கரை சேர்ந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொள்கிறாளாம்.

"அப்புறம் வாயைத் திறந்து பேசுவா. பன்னண்டு வருசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"தெரியவில்லை."

"'அப்பாடா.' அவ்வளவுதான்."

மீண்டும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு வரிதான் சார். அந்த ஒரு வரியை மாத்திடுங்க. போதும்" என்றார்.

ஒரு வரி. அவருக்கு அது ஒரு வரியாகத்தான் தெரிந்தது.

என் தங்கையின் விஷயத்தை நீங்கள் பழைய கோப்பில் படித்திருப்பீர்கள். அவளை வந்து அழைத்துப் போகும்படி மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதியவன் நான்தான். கல்யாணமான பெண் அண்ணன் வீட்டில் எத்தனை மாதம் இருக்க முடியும்? அவர் வருவதாக இருந்த அன்று காலையில் அவள் ஆற்றுக்குப் போனாள். செருப்பு இரண்டும் கரையில் ஜோடியாக இருந்தன. கதையில் வருவது போல அவள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் பாடத்திலிருந்து பிசகிவிட்டாள். மற்றபடி அவள் முடிவுக்கு ஒரு கௌரவம் இருந்தது. அதைக் கொடுத்தது அறுபத்து நான்காம் பக்கம். கதாநாயகி அக்கரை சேர்ந்து அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டால், என் தங்கை வெறுமனே செத்துப்போனவள் ஆகிவிடுவாள். ஓர் அண்ணனாக நான் அதை அனுமதிக்க முடியாது. உங்களுக்கும் தங்கை இருந்தால் புரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை வழியனுப்பினேன். மழை விட்டிருந்தது. இரும்புப் படி எண்ணெய் பூசியது போலப் பளபளத்தது. அவர் வாசலில் இருந்த செருப்பைப் போட்டுப் பார்த்தார். அடிப்பாகம் தேய்ந்திருந்ததால் முதல் படியிலேயே வழுக்கியது. உடனே கழற்றி வலது கையில் எடுத்துக்கொண்டார். இடது கையில் குடை. இரண்டாவது படியில் நின்று திரும்பி, செருப்பை எனக்குத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தீங்களா சார்? நான் என்ன சாகவா போறேன்? கீழ போய் மாட்டிக்குவேன்."

அலமாரியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் புத்தகத்தை உள்ளே தள்ளுவோமே, அந்த அளவு விசைதான். அதற்கு மேல் தேவைப்படவில்லை. அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முடிந்திருந்தது. ஆனால் செருப்பை விடாமல் பிடித்திருந்தார். நான் அப்போது செய்தது எனக்கே பிறகுதான் வேடிக்கையாகப் பட்டது. குடையைத் தொடவில்லை, பையைத் தொடவில்லை, அந்த இரண்டு பக்கங்களைக்கூடத் தேடவில்லை. விரல்களைப் பிரித்துச் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து, வாசலில் பழையபடி ஜோடியாக வைத்தேன். அது அவர் கையில் இருப்பது சரியான விடையாக எனக்குப் படவில்லை. அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

தவறி விழுந்துவிட்டார் என்று நான் சொன்னதை உங்கள் ஆட்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் என் வாசலில் நின்று தலையைச் சொறிந்தீர்கள்.

"ஒரு சின்ன சந்தேகம் சார். கிளம்பிப் போனவங்க செருப்பு ஏன் இங்கேயே இருக்கு? அவங்க விரல்ல செருப்பு வாரோட சாயம் வேற ஒட்டியிருக்கே?"

நன்றாகப் படிக்கிறவர் நீங்கள். கைடு உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஆக, அவரைத் தள்ளியது நான். கொல்ல வேண்டும் என்றுதான் தள்ளினேன். இதில் எனக்கு மறுப்பு இல்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் நேற்று இன்னொன்று கேட்டீர்கள். அந்த அம்மாள் சொன்னதுதான் சரி என்று எனக்கு ஒரு கணமாவது தோன்றியதா என்று. இல்லை என்றேன். மாற்றிச் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிதே அல்ல. பத்தொன்பது வருடம் முன்பு அதே மேஜையில் கேட்கப்பட்டு, அவள் மரணமே அவள் வெற்றி என்று நான் பொறுமையாக விடை சொல்லி, கேட்டவளும் ஏற்றுக்கொண்டு, முடிந்துபோன கேள்வி அது. அதற்கு ஒன்பதாம் நாள்தான் அவள் ஆற்றுக்குப் போனாள். அந்தச் சந்தேகத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? அறுபத்து நான்காம் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்த என் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

"அண்ணா, இவ சாகப் போகலை இல்ல? அக்கரையில போய்ப் போட்டுக்கத்தானே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா?"